கிடுகிடு வளர்ச்சியா, அசுர வளர்ச்சியா? கேள்வி பதில்

வேகமாக மேலே வந்த ஆளையும் தொழிலையும் எந்தச் சொல்லால் சொல்வது? வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில, பதில்களோடு.

காட்பாடி, கல்லூரி மாணவி: ஐயா, ஆங்கிலத்தில் 'மீட்டியோரிக் ரைஸ்' என்கிறார்களே, அதை 'விண்கல் போன்ற வளர்ச்சி' என்று எழுதினேன். பேராசிரியர் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

விண்கல் விழும் பொருள், அம்மா. ஆங்கிலக்காரர்கள் அதன் வேகத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு 'உயரத்தில் இருப்பது' என்று பொருள். நமக்கு அப்படியில்லை. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி பக்கத்துக் கல்லூரி வளாகத்தில் வெடித்தது விண்கல்தானா என்று பெரிய சர்ச்சையே நடந்தது. இந்த ஊர்க்காரரிடம் போய் விண்கல் என்றால் வெற்றி ஞாபகம் வராது. 'மின்னல் வேக வளர்ச்சி' என்று எழுதுங்கள். இல்லையென்றால் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு 'கிடுகிடுவென மேலே வந்தார்' என்று வினையில் சொல்லுங்கள். தமிழுக்கு வினைதான் வசதி.

ராணிப்பேட்டை, செய்தியாளர்: 'அசுர வளர்ச்சி' என்பது பாராட்டா, திட்டா?

இரண்டுக்கும் ஓடும் சொல் அது. தொழிலுக்கும் துறைக்கும் தாராளமாக எழுதலாம்: 'கைப்பேசிச் சந்தை அசுர வளர்ச்சி கண்டது.' யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆளுக்கு எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். 'அசுரத்தனமான உழைப்பு' பாராட்டு. 'அசுரத்தனமான லாபம்' என்றால் யார் வயிற்றிலோ அடித்த மாதிரி இருக்கிறது. லாரி 'அசுர வேகத்தில்' வந்தது என்றால் அடுத்த வரியில் விபத்துதான்.

ஆம்பூர், ஷூ கம்பெனிக் கணக்கர்: சார், எங்கள் முதலாளிக்குப் பாராட்டு மலர் போடுகிறோம். 'திடீர் வளர்ச்சி' என்று போடலாமா?

வேலை முக்கியம் என்றால் வேண்டாம். திடீர் சோதனை, திடீர் மறியல், திடீர் மாரடைப்பு. அந்தச் சொல்லின் கூட்டாளிகளைப் பாருங்கள். 'திடீர் பணக்காரர்' என்றாலே பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கூடவே வரும். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் என்பதும் இதே ஏளனம்தான். 'குறுகிய காலத்தில் பெற்ற வளர்ச்சி' என்று போடுங்கள். சுவாரசியம் இல்லை, ஆனால் முதலாளி முகம் சுளிக்காது.

குடியாத்தம், வாசகர்: கிடுகிடு, மளமள, சரசர... மூன்றும் ஒன்றா?

நல்ல கேள்வி. மூன்றும் இரட்டைக்கிளவி, மூன்றிலும் வேகம் உண்டு. அதோடு ஒற்றுமை முடிந்தது. 'கிடுகிடு'வில் உயரமும் ஆழமும் சேர்ந்தே இருக்கின்றன. தங்கம் விலை கிடுகிடுவென உயரும். மலைப்பாதை ஓரத்தில் கிடுகிடு பள்ளம் இருக்கும். பயந்தவனும் கிடுகிடுவென நடுங்குவான். 'மளமள'வில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது தெரியும்: விக்கெட்டுகள் மளமளவெனச் சரிந்தன, தீ மளமளவெனப் பரவியது, கட்டட வேலை மளமளவென நடக்கிறது. ஒரே கடை பல கிளைகளானால் இதுதான் பொருத்தம். 'சரசர' உடம்பின் அசைவு. மரமேறுகிறவன் சரசரவென ஏறுவான். பதவியில் ஏறியவருக்கு அதை எழுதினால் லேசாகக் கிண்டல் தட்டும். சில சமயம் அதுவே வேண்டியிருக்கும்.

வேலூர் சைதாப்பேட்டை, ஆசிரியை: பிள்ளைகளுக்கு உள்ளூர் உதாரணம் சொல்லுங்களேன், சார்.

சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) இருக்கும்போது வேறெங்கே போவது? 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை. 'இரண்டே ஆண்டுகளில் ஒன்று நாற்பதானது' என்று எழுதினால் வேகம் தானாகத் தெரிகிறது, அடைமொழி தேவையே இல்லை. அதன் பிறகு பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. அந்தப் பகுதிக்கு 'மின்னல் வேகம்' எழுதினால் பொய். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு பத்தியில் இரண்டு வேகம் என்பதைப் பிள்ளைகளிடம் எழுதி வாங்குங்கள்.

சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் இன்னொருவர். பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம். முதல் தங்கத்துக்கு 'அதிரடி வெற்றி' என்று எழுதினால் கூட ஒப்புக்கொள்வேன். நான்கு ஆண்டு கழித்து மறுபடி வென்றவருக்கு அதே சொல் சிறியது. 'தங்கத்தைத் தக்கவைத்தார்' என்பதே பெரிய பாராட்டு. என்னைக் கேட்டால் அடைமொழி தேடும் நேரத்தில் 'எங்கிருந்து, எதுவரை, எத்தனை ஆண்டில்' என்ற மூன்றையும் எழுதிவிடலாம்.

ஆரணி, பட்டுக்கடை உரிமையாளர்: 'ஒரே இரவில் புகழ்பெற்றார்' சரியா?

புழக்கத்தில் வந்துவிட்டது, தப்பு சொல்ல முடியாது. 'ஒரே நாளில்' என்றால் இன்னும் இயல்பு. ஆனால் 'ராத்திரியோடு ராத்திரியாக' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அது கடன்காரன் ஊரைக் காலி செய்வதற்கு உள்ளது.

வாணியம்பாடி, மாணவர்: 'படிப்படியாக அசுர வளர்ச்சி அடைந்தது' என்று எழுதலாமா, அண்ணா?

ஏதாவது ஒன்றை அடித்துவிடு, தம்பி.

அதே மாணவர்: அப்போ 'விஸ்வரூப வளர்ச்சி'?

இப்போதெல்லாம் விஸ்வரூபம் எடுப்பவை பிரச்சினைகள்தான். வெற்றிக்கு அதைப் போட்டால், படிப்பவர் அடுத்த வரியில் என்ன தகராறு என்று தேடுவார்.