சிறிய தொழிற்சாலைகள் டிஜிட்டலுக்கு மாற அரசு மானியம் உண்மையிலேயே உதவுகிறதா? சிங்கப்பூரில் யாருக்காவது அனுபவம் உண்டா?

உதவுகிறது. எங்களுக்கு உதவியது. ஆனால் “பாதிப் பணம் அரசாங்கம் தருது, வாங்கிப் போடுங்க” என்று சொல்பவர்களை நம்பி மட்டும் இறங்காதீர்கள்.

நீங்களும் எங்களைப் போல உட்லண்ட்ஸ், செனோக்கோ பக்கம் பத்துப் பதினைந்து பேரோடு தொழில் நடத்துபவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எங்களுடையது மசாலா அரவை. அப்பா தொடங்கினார், இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். எந்த மூட்டை மிளகாய் எந்த அரவையில் போனது, அந்தத் தூள் எந்த உணவகத்துக்குப் போனது என்பதெல்லாம் நீள நோட்டில்தான் இருந்தது. 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி அளவுக்கு மீறி இருந்ததாக இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது சிங்கப்பூர் உணவு அமைப்பு. அது எங்கள் சரக்கு இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் வரிசையாக ஃபோன் போட்டார்கள்: “உங்க மிளகாய் எந்த லாட்?” அதாவது, எந்தத் தடவை வந்த சரக்கு என்று. பதில் நோட்டில் இருந்தது. அதைத் தேடி எடுக்கத் தம்பி விடிய விடிய உட்கார்ந்தான். சரக்குக் கணக்கு மென்பொருள் வேண்டும் என்று அப்போதுதான் அப்பாவே சொன்னார்.

சிறு நிறுவனங்கள் மென்பொருளும் கருவிகளும் வாங்க சிங்கப்பூர் அரசு தரும் பிஎஸ்ஜி (Productivity Solutions Grant) மானியத்துக்கு விண்ணப்பித்தோம். கொரோனா காலத்தில் 80% வரை கொடுத்தார்கள், 2023 ஏப்ரலிலிருந்து 50% வரைதான். ஆண்டுக்கு 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உச்சவரம்பு. பங்குகளில் குறைந்தது 30% உள்ளூர்க்காரர்களிடம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் கையெழுத்தும் போடக்கூடாது, முன்பணமும் கட்டக்கூடாது. “டெபாசிட் மட்டும் போட்டு வைங்க மேடம், விலை ஏறிடும்” என்று விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அசையாதீர்கள்.

அப்புறம், முழுத் தொகையையும் முதலில் நாம்தான் கட்டணும். மானியம் பிறகு கிளெய்ம் செய்து வாங்குவது. 9% ஜிஎஸ்டி நம் தலையில். இதைச் சொன்னால் “சொந்தப் பணம் போட மனசில்லாதவங்க தொழில் செய்யக்கூடாது” என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஐயா, எங்கள் பணம் உணவகங்களிடம் இருக்கிறது. மூன்று மாதமாகியும் பாக்கி தராமல், புது ஆர்டர் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் நாங்கள் ரொக்கமாகக் கொடுக்கிறோம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் யாராவது சொல்ல வேண்டுமே.

மென்பொருள் வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. அரவையைப் பார்ப்பவர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் ஒரு அக்கா. மிளகாயின் நிறத்தைப் பார்த்தே ஈரப்பதம் சொல்லிவிடுவார். கையில் டேப்லட்டைக் கொடுத்தோம். தூள் படிந்த கையுறையோடு தொட்டால் திரை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினால் சுகாதார விதி இடிக்கும். மெனு ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டும். தமிழ் இங்கே ஆட்சிமொழி, அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தவை தமிழும் மலாயும். விற்பனையாளரைக் கேட்டால், “அதுக்கெல்லாம் டிமாண்ட் இல்லை” என்றார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் ஒரு பார்கோடு ஸ்கேனர் வாங்கினோம். வத்தல், மல்லி, சீரகம், சோம்பு என்று தமிழில் அச்சடித்து, பக்கத்தில் பார்கோடு போட்டு, அட்டையை அரவை இயந்திரத்தின் அருகே ஒட்டினோம். அக்கா மூட்டையில் ஒரு தடவை, அட்டையில் ஒரு தடவை அடித்தால் போதும், லாட் கணக்கு ஏறிவிடும். இப்போது யாராவது லாட் கேட்டால், ஃபோனை வைப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறோம்.

“இதுக்கு எக்செல் போதாதா?” என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் போதும். அரவைக் கூடத்தில் யார் தட்டச்சு செய்வது? அரசைக் குறை சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். மானியம் இல்லையென்றால் அப்பா சம்மதித்தே இருக்க மாட்டார். ஆனால் அது பெட்டிக்குத்தான் பணம் தருகிறது, பெட்டியைப் பயன்படுத்தப்போகிறவரின் வசதியை நாம்தான் பார்க்கணும்.

எதை வாங்குவது என்றே தெரியவில்லை என்றால், சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் சிறு தொழில் மையத்தில் முதலில் பேசுங்கள், ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். கொட்டேஷன் வாங்கும்போது, பயிற்சி அலுவலகத்தில் மட்டுமில்லாமல் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் நடக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.