நெட்ஃபிளிக்ஸ், அமேசான் எல்லாம் வந்துட்டா நம்ம ஊர் டிவி கதைகள் அழிஞ்சிடுமா?

தானா அழியாது, ஆனா சட்டம்னு ஒண்ணு இல்லாம விட்டா சுருங்கிடும்னுதான் எனக்குத் தோணுது. எங்க வீட்ல அம்மா இன்னும் சீரியல் விளம்பர நேரத்துலதான் அடுப்படிக்குப் போய் தோசை ஊத்திட்டு வருவாங்க, அந்தப் பழக்கம் சீக்கிரம் போகாது. அதே சமயம் 2022 ஜூன்ல அமேசான் பிரைம்ல வந்த சுழல்ங்கிற தமிழ் வெப் சீரிஸ் பாத்தீங்கன்னா, மயானக் கொள்ளை திருவிழாவ கதையோடவே கோத்து எடுத்து, பல மொழில டப் பண்ணி உலகம் பூரா கொண்டு போனாங்க, தினசரி சீரியல் பட்ஜெட்ல அத நினைச்சே பாக்க முடியாது. பிரச்சினை எங்கன்னா, எத எடுக்கணும் எத நிறுத்தணும்னு முடிவு பண்றது வெளிநாட்டுக் கம்பெனி, லாபம் வரலேன்னா கைய உதறிட்டுப் போயிடுவாங்க.

இத யோசிச்சுதான் ஐரோப்பிய யூனியன் 2018ல சட்டத்த திருத்தி, ஸ்ட்ரீமிங் கம்பெனிங்க காட்டுற படம், சீரிஸ் பட்டியல்ல 30 சதவீதமாவது ஐரோப்பிய படைப்பா இருக்கணும்னு சொல்லிச்சு. பிரான்ஸ் 2021ல இன்னும் ஒரு படி மேல போய், அந்தக் கம்பெனிங்க அங்க சம்பாதிக்கிறதுல குறைஞ்சது 20 சதவீதத்த ஐரோப்பிய, பிரெஞ்சு படைப்புகள்ல போடணும்னு ஆணை போட்டுச்சு. நம்ம நாட்ல அப்படி எந்தக் கட்டாயமும் இல்ல. தமிழுக்காவது பாக்குற கூட்டம் பெருசு, துளு, கொங்கணி மாதிரி மொழிகளுக்குத்தான் இது ரொம்ப அவசியம், சந்தை தானா வந்து அவங்க கதைய எடுக்காது.