திருகைக்கல் பதித்த தரை

1077 ஜனவரியில் ஜெர்மனி அரசன் நான்காம் ஹென்றி, கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்று போப்பிடம் மன்னிப்புக் கேட்ட கதையைப் போன இதழில் நாலு வரி எழுதிவிட்டு மறந்துபோனேன். மலை வாசகர்கள் மறக்கவில்லை, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை அவர்களுக்கே இடம்.

கேள்வி: படை, கஜானா எல்லாம் ராஜாவிடம். அப்புறம் எதற்கு ஒரு சாமியார் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: தை மாதத்து உறைபனிக் காலையில் ஏரிப் பக்கம் செருப்பில்லாமல் அரை மணி நேரம் நின்று பாருங்கள் தம்பி, ஹென்றி சும்மா நிற்கவில்லை என்பது புரியும். யார் ஆயரை, அதாவது பிஷப்பை, நியமிப்பது என்பதில்தான் சண்டை. ஆயர் என்றால் பூசை வைப்பவர் மட்டும் இல்லை. ஏகப்பட்ட நிலமும், கூப்பிட்டால் வரும் குதிரைப்படையும் கையில் வைத்திருந்த ஆள், அவரை யார் உட்கார வைக்கிறாரோ அவர் பக்கம்தான் பலம். 1076-இல் போப் ஏழாம் கிரகோரி அரசனைத் திருச்சபையை விட்டுத் தள்ளிவைத்தார். அதோடு விடாமல், குடிகள் அவருக்குச் செய்துகொடுத்த சத்தியம் இனிமேல் செல்லாது என்றும் சொல்லிவிட்டார். ஏற்கெனவே ஹென்றியைப் பிடிக்காத ஜெர்மன் பிரபுக்களுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வருஷத்துக்குள் மன்னிப்பு வாங்காவிட்டால் கிரீடம் போச்சு என்று கெடு வைத்தார்கள். மனைவியையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு குளிர்காலத்தில் மலை தாண்டி ஓடிவந்தார்.

ஆனால் என் கணக்கில் அந்த மூன்று நாளில் மாட்டிக்கொண்டவர் போப்தான். மன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்பவனைக் குருவானவர் எப்படித் திருப்பி அனுப்புவார்? மன்னித்தார். 1080-இல் மறுபடி தள்ளிவைத்தார், இந்தத் தடவை ஹென்றி பனியில் நிற்கவில்லை, படையோடு போய் 1084-இல் ரோமாபுரியையே பிடித்துத் தன் ஆளைப் போப்பாக உட்கார வைத்தார். கிரகோரி அடுத்த வருஷம் சலேர்னோவில் ஊர்விட்டு ஊர் வந்த நிலையில் இறந்தார். அந்த வழக்கு ஒருமாதிரி தீர்ந்தது 1122-இல், வோர்ம்ஸ் உடன்படிக்கையில். அதற்குள் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கேள்வி: சாமியார்கள் ஆடு வளர்த்தார்களாமே, நிஜமா?
– ஆடு வளர்ப்பவர், மன்னவனூர்

பதில்: நிஜம்தான், அதுவும் உங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு. 1098-இல் பிரான்சில் தொடங்கிய சிஸ்டெர்சியன் சபை, ஊர்ச் சத்தமே கேட்காத பள்ளத்தாக்கு வேண்டும் என்று தேடிப் போய் மடம் கட்டியது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் ரீவோ, ஃபவுண்டன்ஸ் இரண்டும் 1132. ஆளில்லாத இடம் கிடைக்காதபோது, சில இடங்களில் இருந்த ஊரைக் காலி செய்து ஆளில்லாத இடமாக ஆக்கிக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. வேலைக்கு எழுதப் படிக்கத் தெரியாத மடத்துச் சகோதரர்கள், கம்பளி வாங்க ஃபிளாண்டர்ஸ், இத்தாலி வியாபாரிகள். 1193-இல், சிறைப்பட்டிருந்த இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்டை மீட்கப் பணம் திரட்டியபோது இந்தச் சபையிடம் அந்த வருஷத்துக் கம்பளி முழுவதையும் கேட்டு வாங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தசமபாகம் பத்தில் ஒன்று என்கிறார்கள். செலவு போகவா, போகாமலா?
– பூண்டு விவசாயி, பூம்பாறை

பதில்: அய்யா, விதைப்பூண்டு விலையும் கூலியும் தெரிந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். போகாமல்தான். விதை, கூலி எதையும் கழிக்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். களத்தில் கட்டிவைத்த கதிர்க்கட்டில் பத்தாவது கட்டு கோயிலுக்கு. ஆட்டுக்குட்டி, கம்பளி, தேன் வரைக்கும் கணக்கு உண்டு. 779-இல் பிராங்க் அரசன் சார்லமேன் இதை அரச ஆணையாகவே போட்டுவிட்டதால் மறுக்க வழியில்லை. இங்கிலாந்தில் குடியானவன் செத்தால் அவன் மாடுகளில் நல்லது பண்ணையாருக்கு, அதற்கு அடுத்தது பங்குக் குருவானவருக்கு என்பது பல ஊர்களில் வழக்கம். எழவு வீட்டுக் கொட்டிலில் நின்று மாடு பொறுக்குவதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவையும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டே இருந்தார்களா? ஒருத்தர்கூடவா கேட்கவில்லை?
– இல்லத்தரசி, பண்ணைக்காடு

பதில்: கேட்டார்கள் அம்மா. உங்கள் ஊரில் பழைய வீடுகளில் திருகை பார்த்திருப்பீர்கள். எங்கள் பாட்டி வீட்டில் கேழ்வரகு திரித்த திருகையின் மேல்கல், முளைக்குச்சி போன ஓட்டையோடு, இப்போது காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. அதே மாதிரி ஒரு கல்லைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊர், ஊரே மடத்துக்குச் சொந்தம். தானியத்தை மடத்து மில்லில்தான் அரைக்க வேண்டும், அரைவைக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் திருகை வைத்து அரைத்தால் குற்றம். 1330களில் ரிச்சர்ட் என்ற மடத்துத் தலைவர், கடிகாரம் செய்வதிலும் வானசாஸ்திரத்திலும் பெரிய கெட்டிக்காரர், வீடு வீடாகத் திருகைகளைப் பறித்து அந்தக் கற்களை மடத்துக் கூடத்துத் தரையில் பதித்துவிட்டார். நியாயம் கேட்டு வரும் ஊர்க்காரன் தன் வீட்டுக் கல்லை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

ஐம்பது வருஷம் கழித்து, 1381-இல், 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கு 12 பென்னி என்று போட்ட வரியில் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஆதாம் மண்ணைக் கொத்த, ஏவாள் நூல் நூற்க, அன்றைக்குத் துரை யார் என்று ஜான் பால் என்ற குருவானவர் கேட்டது அப்போதுதான். எஸ்டேட் துரை பார்த்த நமக்கு அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவே வேண்டாம். செயின்ட் ஆல்பன்ஸ் ஜனம் நேராக மடத்துக்குள் போய் அந்தத் தரையைப் பெயர்த்தது. கல்லை உடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்த அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதுபோல் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். இதை எழுதிவைத்தவர் அந்த மடத்துத் துறவியே, ஊர்க்காரர்கள்மேல் பிரியம் உள்ளவராக எழுதவில்லை, ஆனாலும் இந்தக் காட்சியை விடவில்லை. எனக்கு இதில் பிடித்தது, மடத்தை எதிர்த்துப் போனவர்கள் கோயிலில் கற்ற சடங்கையே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான்.

அப்போது ஊர்க்காரர்கள் மடத்திடம் எழுதி வாங்கிய உரிமைப் பத்திரமெல்லாம் சில வாரங்களில் ரத்து. ஜூலை 15, அதே ஊரில் ஜான் பாலைத் தூக்கில் போட்டார்கள். அப்போது இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14.

கேள்வி: கனோசா ஆல்ப்ஸ் மலையில் என்று எழுதியிருந்தீர்களே, தேசப்படத்தைத் திறந்து பார்த்தீர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாண்டிக்குடி

பதில்: இல்லை சார். வடக்கு இத்தாலியில் அப்பெனைன் மலையடிவாரம் அது, கோட்டை மெட்டில்டா சீமாட்டியுடையது. ஆல்ப்ஸ் ஹென்றி தாண்டிவந்த மலை. பெஞ்சுமேல் ஏறி நிற்கிறேன்.