1955-ல் மண்டபத்துக்காரர் ‘ஸ்டோன்’ என்பாரா?

வணக்கம் நண்பரே. 1955-ல் நடக்கும் உங்கள் கதையில், ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடலோடி ஒருவர் கஞ்சா இழுத்தவனைப் பார்த்து “ஸ்டோன் ஆயிட்டான்” என்கிறார். பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாது, எடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்திலேயே அது முதலில் குடிகாரர்களைச் சொன்ன சொல். அப்புறம்தான் கஞ்சா பக்கம் வந்தது. போதை ஏறியதைச் சொல்லும் ‘ஹை’ இன்னும் பழசு. 17-ஆம் நூற்றாண்டில் குடிவெறிக்கு வழங்கி, 1930-கள் வாக்கில் போதைப்பொருளுக்குத் தாவியது.

உங்கள் கடலோடிப் பெரியவருக்கு ‘மப்பு’ கொடுங்கள். வத்தைப் படகைத் தள்ளுமுன் கிழக்கே அண்ணாந்து பார்த்து “மப்பும் மந்தாரமுமா இருக்கு” என்பவர், கண் செருகிச் சுவரோரம் சாய்ந்து கிடப்பவனையும் “மப்புல கெடக்கான்” என்றால் யாருக்கும் உறுத்தாது. வானம் மூடுவதும் புத்தி மூடுவதும் அவர் வாயில் ஒரே சொல். எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் அதுதான்.

போலீஸ்காரர் பேசும் இடத்தில் ‘லாகிரி வஸ்து’ வரட்டும். அந்தக் காலத்து மேடைப் பேச்சின் வாசனை அதில் உண்டு. வடமொழியில் ‘லஹரி’ என்றால் அலை. கடற்கரைக் கதைக்கு அமைந்துவிட்ட பொருத்தம்!

இன்னொன்று. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தச் சட்டம் சாராயத்தோடு போதைப்பொருளையும் தடுத்தது. அதனால் உங்கள் ஆட்கள் கஞ்சாவின் பெயரை உரக்கச் சொல்ல மாட்டார்கள். “அது இருக்கா?” என்று கேட்டாலே போதும்.