வேதம் வாசித்தால் மனசுக்குச் சமாதானம் கிடைக்குமா? எனக்கு நடந்தது

"தினமும் வசனம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் ராத்திரியானால் பயம் வந்துவிடுகிறது. யாருக்காவது உண்மையிலேயே சமாதானம் கிடைத்திருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது. ஆனால் நான் எதிர்பார்த்த வழியில் வரவில்லை.

எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று அடங்கியதும் அப்பாவோடு தோப்புக்குப் போனேன். நின்ற மரம் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேரோடு புரண்டு, வேரில் செம்மண் அப்பியபடி கிடந்தன. எல்லாம் தாத்தா வைத்த மரங்கள். அப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். வாயே திறக்கவில்லை. கடன் இருந்தது, தங்கை கல்யாணம் இருந்தது. அன்றைக்குப் போன தூக்கம் எனக்கு மாதக்கணக்கில் வரவில்லை.

சபையில் எல்லோரும், அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் 4:6ஐச் சொன்னார்கள். "நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். கவலைப்படுவதே தப்பு போல என்று எடுத்துக்கொண்டு, கவலையோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்தேன்.

அப்புறம் ஒருநாள் தேவனாம்பட்டினம் கடற்கரையில், கடலுக்குப் போகும் நண்பன் ஒருவனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் கிறிஸ்தவன் இல்லை. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு "கப்பலின் பின்னணியத்தில் தலையணையை வைத்து" தூங்குகிறார் என்று வருகிறதே, பின்னணியம் என்றால் என்ன என்று கேட்டேன். "அணியம்னா படகோட முன்பக்கம். அப்ப பின்னணியம் சுக்கான் பிடிக்கிற பக்கம்தான். அலை ஏறினா அங்க படுத்திருக்கறவரும் நனைஞ்சிருப்பாரு" என்றான்.

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை மறுபடி வாசித்தேன். சுழல்காற்றில் படகில் தண்ணீர் நிரம்புகிறது. சீஷர்கள் அழகாக ஜெபிக்கவில்லை. "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கத்தி எழுப்புகிறார்கள். அவர் எழுந்து முதலில் காற்றையும் கடலையும் அடக்குகிறார். ஏன் பயப்பட்டீர்கள் என்று கேட்பது அதற்கு அப்புறம்தான். மாற்கு சொல்லும் இந்த வரிசை என்னை உடைத்துவிட்டது. பயத்தை மறைத்துவிட்டுத்தான் அவரிடம் வரவேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

அன்று ராத்திரி முதல்முறையாகச் சண்டை போடுகிற மாதிரி ஜெபித்தேன். தோப்பு, கடன், அப்பாவின் மௌனம், எல்லாவற்றையும் சொன்னேன். சங்கீதம் 13 இதற்கு ரொம்ப உதவியது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. ஆறே வசனங்கள். ஒரு வாரம் அதை மட்டுமே வாசித்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: நிறைய அதிகாரங்கள் வேண்டாம். கொஞ்சமாக எடுத்து, வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள்.

பிறகு பிலிப்பியருக்குத் திரும்பினேன். பவுல் அதைக் கைதியாகக் காவலில் இருந்தபடி எழுதினார். கவலைப்படாதே என்று சொல்லி விட்டுவிடாமல், விண்ணப்பங்களை "தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்கிறார். அடுத்த வசனத்தில் தேவசமாதானம் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்" என்று வருகிறதே, மூலமான கிரேக்கச் சொல் படைவீரர்கள் காவல் நிற்பதைக் குறிப்பது. பயம் வாசல்வரை வரும். உள்ளே ஒருவர் காவல் இருக்கிறார். எனக்குக் கிடைத்த சமாதானம் அப்படிப்பட்டதுதான்.

நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள். நானும் போனேன். ஜெபத்துக்கும் அதற்கும் சண்டையில்லை.

தோப்பில் ஒட்டுக்கன்று வைத்தோம். 2015 வெள்ளத்தின்போது கடலூரில் மழை விடாமல் கொட்டிய ஒரு ராத்திரி, பழைய பயம் எட்டிப்பார்த்தது. எழுந்து சங்கீதம் 4இன் கடைசி வசனத்தைச் சொன்னேன்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." பக்கத்து அறையை எட்டிப் பார்த்தேன். தலையணையைக் கட்டிக்கொண்டு அப்பா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் படுத்தேன்.