நோய்ப்பரவல் போன்ற நெருக்கடிகளுக்கு முன்கூட்டியே தயாராக அரசாங்கங்கள் தரவை எப்படிப் பயன்படுத்துகின்றன? அதை நம்பலாமா?

சிங்கப்பூரில் வசிக்கும் எனக்கு நன்கு பழக்கமான டெங்கித் தடுப்பை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் நடைவழியில், அம்மாவின் துளசித் தொட்டிக்குச் சற்றுத் தள்ளி, கறுப்பு நிற உருளைப் பொறி ஒன்று இருக்கிறது. அடியில் வைக்கோல் ஊறிய நீர்; உட்புறத்தில் பசை. முட்டையிட இடம் தேடி வரும், டெங்கியைப் பரப்பும் பெண் ஏடிஸ் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். 'கிராவிட்ராப்' எனப்படும் இப்பொறிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2017ஆம் ஆண்டில் தீவெங்கும் உள்ள வீவக பேட்டைகளுக்கு விரிவுபடுத்தியது.

நோயாளிகளின் எண்ணிக்கை இருக்கும்போது கொசுவை எதற்கு எண்ண வேண்டும் என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்கவே நான்கு முதல் பத்து நாள்கள் ஆகலாம். அவர் மருந்தகத்துக்குப் போய், இரத்தப் பரிசோதனை முடிந்து, மருத்துவர் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவித்தாலும், கிடைக்கும் எண்ணிக்கை கடந்துபோன வாரத்தின் நிலவரம்தான். பொறியில் சிக்கிய கொசுவோ இன்றைய நிலவரத்தைச் சொல்கிறது. அதனால், ஒருவர்கூடக் காய்ச்சலில் படுக்காத பேட்டைக்கும் அதிகாரிகளை அனுப்பிச் சோதிக்க முடிகிறது. முன்கூட்டியே தயாராவது என்றால் இதுதான் என்பேன்.

நோய் பரவத் தொடங்கிய பின்னும் தரவுக்கு வேலை உண்டு. 150 மீட்டர் தொலைவுக்குள், 14 நாள்களுக்குள் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ டெங்கி கண்டால் அது குழுமமாக அறிவிக்கப்படும். பத்துப் பேருக்குக் குறைவென்றால் மஞ்சள் பதாகை, பத்தை எட்டினால் சிவப்பு. எங்கள் பகுதியில் சிவப்புப் பதாகை ஏறிய அன்று மாலையே அம்மா துளசித் தொட்டியின் தட்டைக் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்துக் கழுவினார். குழுமப் பட்டியல் வரும் வாரியத்தின் வலைத்தளத்தை அவர் பார்ப்பதில்லை; அந்த நிறம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் 2020இல் 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டுக்குள் தேங்கிய நீரை வீட்டிலிருப்பவர்தான் கொட்ட வேண்டும்.

நம்பலாமா என்ற கேள்விக்கு 'டிரேஸ்டுகெதர்' செயலியை நினைவூட்ட விரும்புகிறேன். கொவிட் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லப்பட்ட அதன் தரவைக் குற்றப் புலனாய்வுக்குக் காவல்துறை பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் தெரியவந்தபோது, என்னைப் போன்ற பலர் மனம் வருந்தினோம். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் அதனை அனுமதித்து நாடாளுமன்றம் சட்டமியற்றியது. அந்த வரம்பு செயலி வெளிவந்த நாளிலேயே சட்டத்தில் இருந்திருக்க வேண்டும். டெங்கித் தரவில் எனக்கு அத்தகைய தயக்கம் இல்லை. குழுமப் பட்டியலில் தெருவும் புளோக் எண்ணும் வருகின்றனவே தவிர, நோயுற்றவரின் பெயர் வருவதில்லை.