மத்தவிலாசமும் பகவதஜ்ஜுகமும் எழுதியவர் யார்? – கேள்வி பதில்

ஆற்காடு, கல்லூரி மாணவி: ஐயா, மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதியதற்கு என்ன ஆதாரம்?

நாடகமே ஆதாரம். பல்லவ குலத்துச் சிம்மவிஷ்ணுவர்மனின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன் இதை இயற்றினான் என்று தொடக்கத்திலேயே, நாடகத்தை அறிமுகப்படுத்தும் சூத்திரதாரன் சொல்லிவிடுகிறான். குணபரன், அவனிபாஜனன், மத்தவிலாசன் என்று அம்மன்னன் குடைவரைகளில் (பாறையைக் குடைந்த கோயில்களில்) வெட்டுவித்த விருதுப்பெயர்களும் நாடகத்துக்குள் வருகின்றன. 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி பதிப்பித்த நூல் இது.

ராணிப்பேட்டை வாசகர்: தமிழில் எழுதினானா?

இல்லை, வடமொழியிலும் பிராகிருதத்திலும்.

செய்யாறு, பள்ளி ஆசிரியர்: நம் பழைய வடஆற்காட்டு மாமண்டூர்க் குடைவரையில் பகவதஜ்ஜுகம், மத்தவிலாசம் என்னும் இரு நாடகப் பெயர்களும் சேர்ந்தே பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டும் மகேந்திரனுடையவை என்று எழுத ஏன் தயங்குகிறீர்கள்?

கல்வெட்டில் மிஞ்சியிருப்பதையும் நாம் ஊகித்து நிரப்புவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதால்தான். வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்திலுள்ள அந்தக் கல்வெட்டு மிகவும் சிதைந்தது. இரு நாடகங்களின் பெயர்கள் தெரிகின்றன, ஆனால் அவற்றை இன்னார் இயற்றினார் என்று முடிக்கும் முழு வாக்கியம் நமக்குக் கிடைக்கவில்லை. எமதூதன் ஆள் மாறி உயிரைக் கவர்ந்துபோக, துறவியின் உயிர் கணிகையின் உடலிலும் அவள் உயிர் துறவியின் உடலிலும் புகுந்துகொள்ளும் பகவதஜ்ஜுகத்தின் முன்னுரையிலோ ஆசிரியர் பெயரே இல்லை. பிற்கால உரையொன்று போதாயன கவி என்கிறது. இரு நாடகங்களும் மகேந்திரன் காலத்தில் அறியப்பட்டிருந்தன என்று கொள்ளக் கல்வெட்டு இடம் தருகிறது. அதற்கு மேல் போவது ஊகம்.

குடியாத்தம் வாசகர்: கல்வெட்டில் பெயர் இருந்தால் போதாதா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

செய்யாறு ஆசிரியர் (மீண்டும்): கேரளச் சுவடிகளில் ஆசிரியர் பெயரை விட்டுவிடுவது உண்டே? பழைய வடமொழி நாடகாசிரியர் பாசன் எழுதியவை எனப்படும் நாடகங்களிலும் பெயர் இல்லையே?

இது வலுவான வாதம், மதிக்கிறேன். ஆனால் மத்தவிலாசமும் அதே கேரள மரபில் காப்பாற்றப்பட்டது, அதன் முன்னுரையும் பாசன் நாடகங்களின் முன்னுரையைப் போலவே ‘ஸ்தாபனா’ என்று பெயர் பெற்று, சூத்திரதாரன் நுழைவதோடுதான் தொடங்குகிறது. இருந்தும் அதில் மகேந்திரன் பெயர் நிலைத்திருக்கிறது. ஆகவே பெயரின்மைக்குச் சுவடி மரபை மட்டும் காரணம் காட்டினால், ஒன்றில் மட்டும் பெயர் ஏன் தப்பியது என்பதற்கு நீங்கள் விடை தர வேண்டும். பாறைதோறும் தன் விருதுப்பெயர்களைப் பொறித்த மன்னன் தன் நாடகமொன்றில் மட்டும் பெயரை மறைத்திருப்பான் என்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. போதாயனர் என்பதும் உறுதியில்லை. உரைகாரர் நாடகத்துக்கு மிகப் பிந்தியவர்.

ஆரணி வாசகர்: மகேந்திரன் சமணத்தை விட்ட பின்தான் மத்தவிலாசத்தை எழுதினானா?

அவன் மதமாற்றம் பற்றிப் பெரியபுராண ஆய்வாளர்களைக் கேளுங்கள். மத்தவிலாசத்தின் மேடையில் மண்டையோடு ஏந்தும் சைவத் துறவியான கபாலியும் பௌத்த பிக்குவும் வேறொரு சைவப் பிரிவினனான பாசுபதனும் மோதுகிறார்கள். சமணப் பாத்திரம் எதுவும் ஏறுவதில்லை.

வேலூர் வாசகர்: ஆக, இரண்டும் மகேந்திரன் எழுதியவைதானே?

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: மத்தவிலாசம் அவனுடையது, பகவதஜ்ஜுகத்துக்கு அப்படிச் சொல்லச் சான்று போதாது.

காட்பாடி, மாணவர்: கல்வெட்டு எழுத்து தெளிவாகத் தெரியச் சுண்ணக்கட்டி தேய்த்துப் படமெடுக்கலாமா?

கூடவே கூடாது. எண்ணெயும் தண்ணீரும்கூட வேண்டாம். பாறையில் கையே வைக்காதீர்கள். விளக்கைச் சுவரோடு ஒட்டிய கோணத்தில் பக்கவாட்டிலிருந்து பிடித்தால் வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எடுப்பாகத் தெரியும். விளக்கை இடம் மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து ஒப்பிடுங்கள்.